பைப்புக்குள் போகும் வயர்

(மழைக்காலத்துக்கு முன் நடந்த மஹல்லா குடும்பங்களின் கூட்டத்தில், நம் டிரஸ்டின் வீட்டுப் பழுதுபார்ப்புக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)





இன்றைக்குக் கரண்டு வயரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும், "இதற்கெல்லாமா கூட்டம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் முடிந்தது" என்று சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். நினைத்ததால் ஒரு தவறு செய்தோம். அந்தத் தவறை முதலில் உங்கள் முன் வைத்துவிட்டு மற்றதைப் பேசுவதுதான் முறை. டிரஸ்டின் பணம் உங்கள் பணம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய், பயணிகள் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி வந்து ஊரைச் சுற்றிக்கொண்டது. தூத்துக்குடியில் எத்தனையோ தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, கரண்டும் இல்லை. முதல் வாரம் சாப்பாடும் பாயும் போர்வையும் கொடுத்தோம். தண்ணீர் வடிந்த பிறகு அடுப்பு, பாத்திரம், பிள்ளைகளின் புத்தகம். அதன் பிறகு வீட்டு மராமத்து. மராமத்துப் பட்டியலில் "மின்வேலை" என்று ஒரு வரி இருந்தது. எங்கள் கண்ணில் அது மிகச் சின்ன வரி. எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவாக முடித்தால் இன்னும் ஒரு குடும்பத்துக்கு உதவலாமே என்ற கணக்கு.

ஒரு வீடு. பள்ளமான தெரு, இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடு. வீட்டுக்காரர் மௌத்தாகிவிட்டார். வயதான உம்மா, ஒரு மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். மகன் வளைகுடாவில் இருக்கிறார். உம்மாவுக்கு மூச்சுத் திணறல் இருப்பதால், வெள்ளம் வடிந்ததும் அவர் முதலில் அனுப்பியது ஒரு ஏசிக்கான பணம். நாங்கள் அனுப்பிய ஆள் போர்டுகளை மாற்றினார், எரியாத லைட்டுகளை எரிய வைத்தார், ஏசிக்கு ஒரு லைனும் இழுத்துக் கொடுத்தார். பில் வந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டோம்.

மூன்று மாதம் கழித்து ரமலான் வந்தது. ஒரு நாள் சஹர் நேரத்தில் மகள் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டு வைத்துவிட்டு உம்மாவை எழுப்பப் போயிருக்கிறார். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. சுவரில் இருந்து புகை. போர்டில் இருந்து அல்ல, சுவருக்குள் இருந்து. அந்தப் பெண் பதறாமல் ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. உம்மாவை மட்டும் புகை தாங்காமல் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அன்று பிற்பகல் லைசென்ஸ் உள்ள ஒரு மூத்த மின்பணியாளரை அழைத்துக்கொண்டு நாங்களே போய் உட்கார்ந்தோம். அவர் சுவரைக் கொத்தி பைப்பைத் திறந்து காட்டினார். முக்கால் இஞ்ச் பைப். அதற்குள் லைட் வயர், பிளக் வயர், பிரிட்ஜ் வயர், டிவி கேபிள். இத்தனைக்கும் நடுவில் நெருக்கித் திணித்த ஒரு இரட்டை முறுக்கு வயர். டேபிள் ஃபேனுக்கும் கல்யாண வீட்டு சீரியல் லைட்டுக்கும் போடுகிற அதே வயர். அதில்தான் ஏசி ஓடியது. போகிற வழியில் அடுப்படி பிளக்குக்கும் அதிலிருந்தே கொடுத்திருந்தார்கள். பைப்புக்குள்ளேயே ஒரு ஜாயிண்ட், மேலே கறுப்பு டேப். டேப் உருகிப் பாகு மாதிரி ஒட்டியிருந்தது. மெயின் பாக்ஸில் 16 ஆம்பியர் எம்சிபி இருந்த இடத்தில் 32 ஆம்பியர். "அடிக்கடி விழுந்தது, அதனால் பெரிசா போட்டுத் தந்தாங்க" என்றார் மகள்.

அந்த மூத்தவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். "வயரைப் பைப்புக்குள்ள போட்டா பத்திரம்னு நினைச்சீங்களா?" ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தோம். கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி யாருக்குக் கவலை!

அவரிடம் கேட்டும் விதிகளைப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இனிச் சொல்கிறோம். படிக்கப் பெரிய புத்தகம் ஒன்றும் தேவைப்படவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 732 என்பது கட்டிட வயரிங்குக்கான விதி. ஐஎஸ் 694 என்பது பிவிசி வயருக்கானது. ஐஎஸ் 9537 பைப்புக்கானது. இவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்லும் தேசிய மின் விதித்தொகுப்பு 1985-இல் முதலில் வெளிவந்து, பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. கடைக்குப் போனால் வயர் சுருளின் மேலேயே ஐஎஸ் 694 என்று அச்சிட்டு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கும். அது இல்லாத வயர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சுவருக்குள் போகக்கூடாது.

முதலில் எந்த வயர் பைப்புக்குள் போகலாம் என்பது. பிவிசி உறை போட்ட ஒற்றை வயர்தான் பைப்புக்கானது. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று தனித்தனியாகச் சுருளில் வருமே, அது. சிலர் அதன் உள்ளே பல இழைகள் இருப்பதைப் பார்த்து "இதுவும் பிளெக்சிபிள்தானே" என்கிறார்கள். இழை பல இருப்பது தவறில்லை, அந்த வயரும் ஐஎஸ் 694-தான். கூடாது என்று விதி சொல்வது இரண்டு வயரை முறுக்கியோ ஒட்டியோ விற்கும் தொங்கு வயரை. அது இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன் போல ஒரு சாமானை பிளக்கோடு இணைக்க மட்டும் உண்டானது. நிலையான வயரிங்குக்கு, அதுவும் சுவருக்குள் மறைத்துப் போட, அதைப் பயன்படுத்தவே கூடாது. மெல்லிய செம்பு, மெல்லிய உறை, சூடு வெளியேற வழியில்லாத இடம் என்று மூன்றும் சேர்ந்ததுதான் அந்த உம்மா வீட்டுச் சுவர்.

அடுத்து எத்தனை வயர் என்பது. இதுதான் பலருக்குப் புதிதாக இருக்கும். பைப்பில் இடம் இருக்கும்வரை இழுத்துக்கொண்டே போகலாம் என்று நாம் நினைக்கிறோம். சைக்கிள் கேரியரில் மூட்டை ஏற்றுவது மாதிரி! அப்படி இல்லை. மத்தியப் பொதுப்பணித் துறையின் மின்பணி விவரக்குறிப்பில் இதற்கு அட்டவணையே இருக்கிறது. நம் முக்கால் இஞ்ச் பைப், அதாவது 20 மில்லிமீட்டர் பைப்பில், ஒன்றரை எம்எம் வயர் என்றால் நேராகப் போகும் இடத்தில் 5, வளைவு இருந்தால் 4. இரண்டரை எம்எம் வயர் என்றால் நேரில் 5, வளைவில் 3. நாலு எம்எம் வயர் என்றால் நேரில் 3, வளைவில் 2. ஒரு இஞ்ச் பைப், அதாவது 25 மில்லிமீட்டர் என்றால் இரண்டரை எம்எம் வயர் நேரில் 8, வளைவில் 6. நேர் என்றால் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையே 4.25 மீட்டருக்கு மேல் போகாமல், கிட்டத்தட்ட வளைவே இல்லாமல் இருப்பது. நம் வீடுகளில் அப்படி எத்தனை பைப் இருக்கும்? ஆகவே வளைவுக் கணக்கையே பிடித்துக்கொள்வது நல்லது. அந்த உம்மா வீட்டுப் பைப்பில் டிவி கேபிளைச் சேர்க்காமலே எட்டு இருந்தது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? இழுக்கும்போது உறை உரசிக் கிழியும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் சூடு. கரண்டு ஓடும் வயர் எல்லாம் சூடாகும். தனியாக இருந்தால் காற்றில் ஆறிவிடும். நெருக்கிக் கட்டினால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு. ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறோம், பிள்ளைகள் வீட்டில் போட்டுப் பார்க்கட்டும். சுவரில் பதித்த பைப்பில் இரண்டரை எம்எம் செம்பு வயர் ஒரு ஜோடி மட்டும் இருந்தால், சுற்றுப்புறச் சூடு 30 டிகிரி என்ற கணக்கில், சுமார் 24 ஆம்பியர் தாங்கும். நம் ஊர் 30 டிகிரியா? மே மாதத்து மொட்டைமாடித் தளத்துக்குள் ஓடும் பைப்பை நினைத்துப் பாருங்கள். 40 டிகிரி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 0.87 ஆல் பெருக்க வேண்டும். அதே பைப்பில் மூன்று ஜோடி ஓடினால் இன்னும் 0.70 ஆல் பெருக்க வேண்டும். 24 என்பது 14.6 ஆகிவிடுகிறது. வயர் அதே வயர்தான், கடைக்காரர் ஏமாற்றவில்லை. அதை வைத்த இடம்தான் அதன் பலத்தில் ஒரு பெரும் பங்கைத் தின்றுவிட்டது.

இப்போது அந்த சஹர் நேரத்துக் கணக்கைப் பாருங்கள். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 230 வோல்ட்டில் எடுப்பது 8.7 ஆம்பியர். ஒன்றரை டன் ஏசி 7, 8 ஆம்பியர். சேர்த்தால் 16-ஐத் தொட்டுத் தாண்டுகிறது. போட்டிருந்த முறுக்கு வயர் திறந்த வெளியிலேயே பத்து ஆம்பியருக்கு மேல் தாங்காத சைஸ். 16 ஆம்பியர் எம்சிபி இருந்தபோது அது விழுந்து விழுந்து சொல்லியிருக்கிறது, "முடியவில்லை, முடியவில்லை" என்று. அதை எடுத்துவிட்டு 32 போட்டார்கள். எம்சிபி இருப்பது ஏசியைக் காப்பாற்ற அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பாற்ற. வயரை மாற்றாமல் எம்சிபியை மட்டும் பெரிதாக்குவது, காவலாளி அடிக்கடி விசில் அடிக்கிறான் என்று விசிலைப் பிடுங்கி வைப்பது போல. இரண்டரை எம்எம் வயருக்கு 16 ஆம்பியர், அதற்கு மேல் கேட்காதீர்கள். ஏசிக்கும் ஹீட்டருக்கும் மெயின் பாக்ஸில் இருந்தே தனித்தனி லைன், தனி எம்சிபி, முடிந்தால் தனிப் பைப். நாலு எம்எம் போடுவது நல்லது. பெரியவர்கள் இன்னும் த்ரீ ட்வென்டி, செவன் ட்வென்டி என்று பழைய சைஸ் சொல்வார்கள். கடையில் சதுர மில்லிமீட்டரில் கேட்டு வாங்குங்கள், குழப்பம் இருக்காது.

லைட்டுக்குத் தனி லைன், பவர் பிளக்குக்குத் தனி லைன் என்பதும் விதிதான். ஒரு லைட் சர்க்யூட்டில் லைட், ஃபேன், சின்ன பிளக் எல்லாம் சேர்த்து 10 பாயிண்டுக்கு மேல், 800 வாட்டுக்கு மேல் கூடாது. பவர் பிளக் என்றால் ஒரு சர்க்யூட்டுக்கு இரண்டு. டிவி கேபிள், இண்டர்நெட் கேபிள், காலிங் பெல் வயர் ஆகியவை கரண்டு பைப்புக்குள் வரவே கூடாது. பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு விளையாடும் கேபிள் நுனியில் 230 வோல்ட் வந்து நிற்பதை ஒரு வீட்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கிறோம். அன்று இரவு எங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஜாயிண்ட் விஷயம். பைப்புக்குள் ஜாயிண்ட் கிடையாது. எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது. வயர் பத்தவில்லை என்றால் புது வயர் இழுக்க வேண்டும், அல்லது திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸில் கனெக்டர் போட்டு இணைக்க வேண்டும். பைப் வேலை முழுவதையும் முடித்து, பெட்டிகளை வைத்து, பூச்சும் காய்ந்த பிறகுதான் வயர் இழுக்க வேண்டும். பல இடங்களில் வயரைப் போட்டுக்கொண்டே பைப்பை ஒட்டிக்கொண்டு போகிறார்கள். நாளைக்கு ஒரு வயர் கெட்டால் உருவி எடுக்க முடியாது, சுவரைத்தான் உடைக்க வேண்டும். முனையில் கூர்மையான எல்போ போடாமல் நீளமான பெண்ட் போடச் சொல்லுங்கள். தளத்துக்குள் போகும் பைப் லைட் ரகமாக இருந்தால் கான்கிரீட் போடும்போது கொத்தனார் காலிலேயே நசுங்கும். மீடியமோ ஹெவியோ வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு வீட்டுக்குக் கணக்குப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. டைல்ஸில் பூ டிசைன் தேர்ந்தெடுக்க மூன்று கடை ஏறுகிறவர்கள் நாம்தான்.

இனி நம் ஊருக்கே உரிய சங்கதி. உப்பு.

கடற்காற்றில் உப்பு, உப்பளத்துக் காற்றில் உப்பு, போர் தண்ணீரில் உப்பு, அந்தத் தண்ணீரில் குழைத்துப் பூசிய சுவரில் உப்பு. இந்த ஊரில் இரும்புப் பைப் போட்டால் சில வருடங்களில் உள்ளே துரு உரிந்து ரம்பம் மாதிரி நிற்கும், வயர் உறையை அறுக்கும். ஆகவே நமக்குப் பிவிசி பைப்தான் சரி. பழைய வீடுகளில் இரும்புப் பைப் இருந்தால், அதில் ஒரு லைனின் போகும் வயரும் திரும்பும் வயரும் ஒரே பைப்பில் சேர்ந்து போக வேண்டும் என்பதும் விதி. பிரித்துப் போட்டால் பைப்பே சூடாகும். போர்டுக்குள் திருகு முனையில் பச்சை பூத்திருந்தால் அது உப்பின் வேலை. அந்த இடத்தில் பிடி தளர்ந்து பொறி அடிக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, மெயினை இறக்கிவிட்டு, தெரிந்த ஆளை வைத்துத் திருகுகளை முடுக்கச் சொல்லுங்கள். முப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய வீடுகளில் அலுமினிய வயர் இருக்கலாம். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கிச் சேர்த்த இடம் இந்தக் காற்றில் அரித்துப் போகும்.

எர்த் குழிக்கு உப்பும் கரியும் போடுவார்கள், தெரியும். நம் மண்ணுக்கு உப்பு வாங்கத் தேவையில்லை என்று ஒரு பெரியவர் வேடிக்கையாகச் சொன்னார். உண்மைதான், உப்பு மண்ணில் எர்த் நன்றாகவே கிடைக்கும். ஆனால் அந்த உப்பு மண்ணே எர்த் பைப்பையும் தின்னும். இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்கி இருபது வருடம் ஆன வீட்டில் இப்போது கீழே பைப் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எர்த் என்பது பச்சை வயர். ஒவ்வொரு பைப்பிலும் அது கூடவே போய், ஒவ்வொரு மூன்று பின் பிளக்கிலும் சேர வேண்டும். பச்சை வயரை வேறு எதற்கும் பயன்படுத்தக்கூடாது. வயர் பத்தாத நேரத்தில் பச்சையை எடுத்து ஃபேஸுக்குப் போட்டுவிட்டுப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். பின்னால் வருபவர் அது எர்த் என்று நம்பித் தொடுவார்.

வெள்ளத்துக்கு வருவோம். பைப் தண்ணீரைத் தடுக்காது. இதை நாங்கள் நம் வீடுகளில் கண்ணால் பார்த்தோம். தெருவில் தண்ணீர் வடிந்து பத்து நாள் ஆன பிறகும், தரைக்குள் போன பைப்பின் வாயைத் திறந்தால் தண்ணீர் ஒழுகியது. சுவரின் உயரத்தில் இருந்து பைப் கீழே இறங்கி, தரையில் ஓடி, மறுபடி ஏறுகிறது. நடுவில் இருப்பது ஒரு குளம். வெள்ளம் இல்லாவிட்டாலும், வெளியில் புதைத்த பைப்பில் வியர்த்தே நீர் சேரும். அமெரிக்க விதிப் புத்தகத்தில், மண்ணுக்குள் போகும் பைப்பின் உட்புறத்தையும், மழை படும் வெளிச்சுவர்ப் பைப்பின் உட்புறத்தையும் ஈரமான இடமாகவே கருத வேண்டும் என்றும், ஈரத்துக்கென்று அனுமதித்த வயர் வகையை மட்டுமே அதில் இழுக்கலாம் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். வீட்டுக்குள் ஓடும் சாதாரண உறைக் கேபிளைப் பைப்பில் போட்டுவிட்டதால் வெளியே கொண்டுபோகலாம் என்பது அங்கே செல்லாது. நாமும் அதையே பின்பற்றலாம். கேட் லைட்டுக்கோ, பின்பக்கத்து அறைக்கோ மண்ணுக்குள் கொண்டுபோக வேண்டும் என்றால் வீட்டு வயரைப் பைப்பில் போட்டுப் புதைக்காதீர்கள். ஆர்மர்டு கேபிள் வாங்கி, முக்கால் மீட்டர் ஆழத்தில், மணல் விரித்துப் பதியுங்கள். போர் மோட்டாருக்கு அதற்கென்றே வரும் தட்டைக் கேபிள் இருக்கிறது.

வெள்ளம் புகுந்த வீட்டில் பைப்புக்குள் கிடந்த வயரை என்ன செய்வது? உறை நல்லபடியாக இருந்தாலும், வெட்டிய நுனி வழியாக இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிவிடும். உரித்துப் பார்த்தால் செம்பு கறுத்திருக்கும். மெக்கர் என்ற கருவி வைத்து 500 வோல்ட்டில் சோதிக்க வேண்டும், 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் அந்த லைனுக்குக் கரண்டு கொடுக்கக்கூடாது. 2023-இல் எங்கள் ஆட்கள் கையில் டெஸ்டர்தான் இருந்தது, மெக்கர் இல்லை. டெஸ்டர் எரிந்தால் கரண்டு இருக்கிறது என்று மட்டும் தெரியும். மூழ்கிய சுவிட்ச், பிளக், எம்சிபி எதையும் வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டக்கூடாது. அப்படி மாட்டியதில் சில இன்றும் நம் மஹல்லாவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பணத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள் என்பதால் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அதனால் டிரஸ்ட் சில முடிவுகள் எடுத்திருக்கிறது. 2023-இல் எங்கள் உதவியில் மின்வேலை செய்த வீடுகள் எல்லாவற்றையும், மழைக்கு முன்பே, மெக்கர் வைத்து மறுபடி சோதிக்கிறோம். பள்ளமான தெருக்களில் தரைப் பைப்பைக் கைவிட்டு, மேலே தளத்தை ஒட்டிப் பைப் ஓட்டி, அங்கிருந்து கீழே இறக்குகிறோம். பிளக்குகள் அந்த வெள்ளத்தின் கறை சுவரில் எதுவரை நின்றதோ அதற்கு மேலேதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆர்சிசிபி, 30 மில்லி ஆம்பியர். இதைப் பழக்கத்தில் இஎல்சிபி என்கிறோம். எம்சிபி விழ 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒரு மனித உடம்பை மௌத்தாக்க அதில் ஐந்நூறில் ஒரு பங்குகூடப் போதும். ஆர்சிசிபி அந்தச் சின்னக் கசிவைத்தான் கவனிக்கிறது. அதைப் போட்ட பிறகு அது அடிக்கடி விழுந்தால் கழற்றிவிடாதீர்கள். எங்கோ கரண்டு கசிகிறது என்று அர்த்தம்.

இதனால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு முன்பைவிடக் கூடும். உதவி பெறும் வீடுகளின் எண்ணிக்கை இந்த வருடம் குறையும். கமிட்டிக்குள் இதில் ஒருமித்த கருத்து வரவில்லை. "ஏழு வீட்டுக்கு அரைகுறையாகச் செய்வதா, நான்கு வீட்டுக்கு முழுதாகச் செய்வதா, மீதி மூன்று பேர் முகத்தை எப்படிப் பார்ப்பது" என்று இரண்டு அமர்வுகள் பேசினோம். கடைசியில் முழுதாகச் செய்வது என்று முடிவானது. இதில் வருத்தப்படுபவர்கள் நேரில் வந்து எங்களைக் கேட்கலாம்.

வேலை செய்பவர் யார் என்பதும் முக்கியம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2010-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலை தவிர, புது லைன் இழுப்பதோ இருப்பதை மாற்றுவதோ லைசென்ஸ் பெற்ற ஒப்பந்தக்காரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்கின்றன அவை. நம் பிள்ளைகளில் பலர் ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு, அந்தச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்காமலே வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு விண்ணப்பக் கட்டணத்தை டிரஸ்ட் கொடுக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். முறுக்கு வயர் இழுத்த அந்தத் தம்பியும் நம் மஹல்லாப் பிள்ளைதான். குறைந்த காசில் முடி என்று அவரை நெருக்கியவர்கள் நாங்கள். இப்போது அவர் அந்த மூத்தவரிடம் கூட வேலை பார்க்கிறார், வீடு வீடாகச் சோதனைக்கு வருவதும் அவர்தான்.

தண்ணீர் ஏறும்போது என்ன செய்வது என்று ஒரு வார்த்தை. பிளக் மட்டத்துக்குத் தண்ணீர் வரும்வரை காத்திருக்காதீர்கள். வாசல்படி நனையும்போதே, கால் காய்ந்த இடத்தில் நின்று மெயினை இறக்குங்கள். ஏற்கெனவே தண்ணீரில் நிற்கிறீர்கள் என்றால் மெயினைத் தொட வேண்டாம், வெளியேறி மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள். வடிந்த பிறகு சோதனை முடியாமல் மெயினை ஏற்றக்கூடாது. செல்போன் சார்ஜ் போட வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருக்கும். பள்ளிவாசலில் ஜெனரேட்டர் வைத்துப் பொதுவாகச் சார்ஜ் போட ஏற்பாடு செய்கிறோம்.

பேச்சு முடிந்ததும் திரைக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு கேள்விகள் வந்தன, அவற்றையும் சேர்த்து எழுதுகிறோம்.

ஒரு லாத்தா கேட்டார்கள்: "வாடகை வீடு. வீட்டுக்காரர் செய்து தர மாட்டார். என்ன செய்வது?" சுவரைத் தொட முடியாவிட்டாலும், மெயின் பாக்ஸில் ஆர்சிசிபி மாட்டுவது சில மணி நேர வேலைதான். வீட்டுக்காரரிடம் ஜமாஅத் சார்பில் நாங்கள் வந்து பேசுகிறோம். அவர் சம்மதித்தால் சாமான் செலவு டிரஸ்டுடையது. சம்மதிக்காவிட்டால், ஏசியும் இண்டக்‌ஷனும் ஒரே நேரத்தில் ஓடாமல் நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதைத் தவிர எங்களிடம் இப்போதைக்கு வேறு பதில் இல்லை.

இன்னொரு பெரியம்மா கேட்டது: "எங்க வீட்டுப் பைப்புக்குள்ள என்ன வயர் கிடக்குன்னு சுவரை உடைக்காம எப்படித் தெரியும்?" மெயினை இறக்கிவிட்டு, தெரிந்த ஆளை வைத்து ஒரு போர்டைக் கழற்றச் சொல்லுங்கள். பைப் வாயில் நீட்டிக்கொண்டிருக்கும் வயரை எண்ணுங்கள். முறுக்கியது இருக்கிறதா, டிவி கேபிள் இருக்கிறதா, பச்சை வயர் இருக்கிறதா என்று பாருங்கள். டார்ச் அடித்து செல்போனில் ஒரு படம் எடுத்து, தெருப் பெயரோடு டிரஸ்ட் அலுவலகத்தில் காட்டுங்கள். சனி, ஞாயிறு அஸருக்குப் பிறகு அந்தத் தம்பி அங்கே இருப்பார்.